வினைச்சொல் எங்கே ஒளிந்திருக்கிறது?

[திரையில் ஒரே ஒரு வாக்கியம்]

இதைப் படித்துப் பாருங்கள்.

"கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின் அடிப்படையில் நூலகத்தின் வேலை நேரத்தை நீட்டிப்பதற்கான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் மனதில் ஒன்றும் நிற்பதில்லை.

[கடைசி மூன்று சொற்கள் மட்டும் சிவப்பில்]

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுவரை வாசிப்பவர் முன்னால் வந்த எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அப்படி வந்தவருக்குக் கிடைப்பது வெறும் 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றன'. உண்மையான வினையோ 'நீட்டிப்பதற்கான' என்று நடுவில் பதுங்கிக் கிடக்கிறது. சரி, அதை வெளியே இழுப்போம்.

[புதிய வாக்கியங்கள் எழுதப்படுகின்றன]

"நூலக நேரத்தை நிர்வாகக் குழு நீட்டித்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் இரவு 9 மணி வரை நூலகம் திறந்திருக்கும்."

இந்த 9 மணி எங்கிருந்து வந்தது? பழைய வாக்கியத்தில் இல்லையே! யார் நீட்டித்தார்கள், எதுவரை என்று கேட்ட பிறகுதான் அது வந்தது. யாரிடமாவது விசாரித்துத்தான் எழுதியிருக்க முடியும். மழுப்பலான நடைக்குப் பல சமயம் காரணம் மொழி வறட்சி இல்லை, எழுதியவரிடம் விவரம் இல்லாததுதான். அதற்காகச் செயப்பாட்டுவினையையே ஒதுக்கிவிட வேண்டாம். பூட்டை உடைத்தது யாரென்று தெரியாதபோது 'பூட்டு உடைக்கப்பட்டிருந்தது' என்பதே சரியான வாக்கியம்.

[ஓலைச்சுவடியின் படம்]

பவணந்தி முனிவரின் நன்னூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10 என்று அது அடுக்குகிறது. முதல் இரண்டு: குன்றக் கூறல், மிகைபடக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது ஒன்று, தேவைக்கு மேல் சொல்வது மற்றொன்று. நம் நூலக வாக்கியம் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டது, கெட்டிக்காரத்தனம்தான்!

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. நன்றாகத் தொடங்கி, போகப் போகத் தொய்ந்து முடிவது. கணினியில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் பத்திதான் கண்ணில் படுகிறது, அதைத்தான் திருத்துகிறோம். கடைசிப் பத்தியை எட்டுவதற்குள் களைத்துவிடுகிறோம்.

அதனால் அடுத்த முறை திருத்த உட்காரும்போது கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. சில நேரம் அந்தப் பத்தியே தேவையில்லை என்றுகூடத் தோன்றும். தோன்றினால் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.