டெலீட் பட்டன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். ப்ராடக்ட் ஓனர் வேலைக்கு, அதாவது ஒரு மென்பொருளில் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்கிற வேலைக்கு, போகிறவர்கள் பலருக்கும் உள்ளூர ஒரு உதறல், அந்த மென்பொருள் எந்தத் துறைக்கோ அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாதே என்று. இந்தப் பொறுப்பு வருகிற ஸ்க்ரம் என்ற வேலைமுறைக்கான வழிகாட்டியின் 2020 பதிப்பைப் புரட்டினால் விடை கிடைக்காது. ப்ராடக்டின் மதிப்பைக் கூட்டுவது ப்ராடக்ட் ஓனரின் பொறுப்பு, இவர் ஒரே ஆள், குழு அல்ல, பேக்லாகை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, வரிசைப்படுத்துவதற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லும். துறையில் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி மூச்சு விடாது.

என்னைக் கேட்டால், எந்த இடத்தில் சட்டென்று தலையாட்டக் கூடாது என்று தெரிகிற அளவுக்கு அறிவு போதும்.

ஒரு கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் போட்ட பதிவை அழிக்க ஒரு டெலீட் பட்டன் வைக்கட்டுமா என்று டெவலப்பர் கேட்கிறார். சின்ன வேலைதான். துறை தெரியாதவர் 'சரி, வையுங்க' என்று விடுவார். ஆனால் பேரேட்டில் ஏறிய பதிவை அழிக்கும் வழக்கமில்லை, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்வார்கள், தப்பு நடந்ததும் அதைத் திருத்தியதும் இரண்டுமே ஏட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் தணிக்கைக்கு வருகிறவர் எதை வைத்துப் பார்ப்பார்? அதுவே இன்னும் வரைவாக இருக்கும் பதிவென்றால் தாராளமாக அழிக்கலாம். ஆக, 'வரைவா, ஏறிவிட்டதா?' என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். இதற்குக் கணக்கியல் பட்டம் வேண்டாம், கணக்கர் பக்கத்தில் ஒரு மாதக்கடைசியில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

அதற்காகப் பழுத்த கணக்கரையே ப்ராடக்ட் ஓனராகப் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கே வேறு மாதிரித் தலைவலி. 'எனக்குத் தெரியும், அவர்களுக்கு இதுதான் வேணும்' என்று சொல்லிப் பயனரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், தான் பழகிய பழைய திரையை அப்படியே திரும்பக் கட்டச் சொல்வார். எனக்கு இவரைக் கண்டால்தான் பயம் அதிகம், ஏனென்றால் எதிர்த்துப் பேச டீமில் ஒருவருக்கும் வாய் வராது.

எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கூட மென்பொருள் என்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும்: எடுத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும், இது தெரியாமல் முடிவு வந்த உடனே மருத்துவருக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டு வாங்கினால் விபரீதம்தான். அப்படிப்பட்ட இடத்தில் துறை ஆள் ஒருவரை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பேக்லாக் வரிசையை மட்டும் கைவிடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? 'உங்களுக்கு என்ன வேணும்' என்று பயனரிடம் கேட்காதீர்கள், பட்டியல்தான் வரும். போன மாதம் அவரைப் பாடாய்ப் படுத்திய ஒரு பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.