கிராமத்து கவுன்ட்டியில் வீட்டுக் கடன்: வட்டியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

வணக்கம். அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது வட்டி விகிதம்தான். எந்த வங்கியில் எவ்வளவு, நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா என்று அதைச் சுற்றியே எல்லாப் பேச்சும் போகும். பெரிய நகரத்தின் புறநகரில் வீடு வாங்குகிறவருக்கு அது போதும். ஊர் தள்ளி, மலைச் சரிவில், போர் தண்ணீரும் செப்டிக் டேங்கும் உள்ள வீட்டைப் பார்க்கிறவருக்குப் போதாது. அவருக்குச் சம்பளம் இருக்கும், கிரெடிட் ஸ்கோர் இருக்கும், லோன் ஆபீசரும் தலையாட்டியிருப்பார். சில வாரம் கழித்து ஒரு போன் வரும்: "உங்களிடம் குறை எதுவும் இல்லை, வீடுதான் எங்கள் விதிகளுக்கு ஒத்துவரவில்லை."

இந்த வீடியோவில் அந்தப் போன் ஏன் வருகிறது என்றும், அது வராத மாதிரிக் கடன் தருபவரைத் தேடுவது எப்படி என்றும் பார்க்கலாம்.

(திரையில்: கென்டக்கி மாநில வரைபடம். தென்கிழக்கு மூலையில், வர்ஜீனியா எல்லையில், ஒரு கவுன்ட்டி நிறம் மாறுகிறது.)

உதாரணத்துக்கு ஒரு கவுன்ட்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எடுத்துக்கொள்வோம். கென்டக்கியின் லெச்சர் கவுன்ட்டி. அப்பலாச்சியா மலைப் பகுதி, நிலக்கரி பூமி. தலைமை ஊர் வைட்ஸ்பர்க். 2020 கணக்கெடுப்பில் கவுன்ட்டி முழுக்கச் சேர்த்தே சுமார் 21,500 பேர். கிராமப்புற வீட்டுக் கடனில் வரக்கூடிய சிக்கல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் இருப்பது அயோவாவிலோ ஜார்ஜியாவிலோ இருக்கலாம். அங்கே நிலக்கரி இருக்காது, மற்றதில் பெரும்பாலானது இருக்கும்.

முதலில் வில்லங்கம். அமெரிக்காவில் என்ன வில்லங்கம் என்று நினைக்க வேண்டாம். அப்பலாச்சியாவில் தாத்தா உயில் எழுதாமல் போயிருப்பார், சொத்து பெயர் மாற்றாமலேயே மூன்று தலைமுறை கடந்திருக்கும். வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், சட்டப்படி பங்குள்ளவர்கள் பதினைந்து பேர், அதில் நான்கு பேர் ஒஹையோவில், இரண்டு பேர் எங்கே என்றே தெரியாது. நம் ஊர்ப் பிரியாத பூர்வீகச் சொத்து போலத்தான். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடாமல் எந்த வங்கியும் அடமானம் வாங்காது. விற்பவர் "நாங்கள் அறுபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பத்திரம் ஆகாது.

நிலக்கரி பூமியில் இன்னொரு அடுக்கும் உண்டு. மேலே உள்ள நிலம் ஒருவருக்கு, அடியில் உள்ள கனிமம் வேறொருவருக்கு. நூறு வருடத்துக்கு முன்பே கனிம உரிமையைக் கம்பெனிகள் தனியாக எழுதி வாங்கிவிட்டன. அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டி, நிலத்துக்காரரைக் கேட்காமலே மேல்மண்ணைச் சுரண்டி நிலக்கரி எடுத்த காலமும் இருந்தது. 1988-ல் கென்டக்கி மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பைத் திருத்தி, பத்திரம் எழுதிய காலத்தில் அந்தப் பகுதியில் தெரிந்திருந்த முறைகளில் மட்டுமே எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். உரிமை பிரிந்திருப்பது மட்டும் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. உள்ளூர் வங்கிக்காரர் இதைப் பார்த்தால் 'இங்கே எல்லா வீடும் இப்படித்தான்' என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வெளிமாநிலத்தில் உட்கார்ந்து ஃபைலைப் பார்ப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

(திரையில்: மலையடிவாரத்தில் ஒரு மொபைல் ஹோம். முன்பக்கம் மரப்படிகள்.)

அடுத்தது வீட்டின் வகை. இந்தப் பக்கம் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து வைத்த வீடுகள் ஏராளம். பேச்சில் ட்ரெய்லர் என்பார்கள். இதில் ஒரு தேதி முக்கியம்: 1976 ஜூன் 15. அன்றிலிருந்துதான் இவற்றுக்கு மத்திய அரசின் கட்டுமான விதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய ட்ரெய்லருக்கு அரசு சார்ந்த வீட்டுக் கடன் எதுவும் கிடைக்காது. பிந்தைய வீடாக இருந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் வீடா, வண்டியா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு இருப்பது போன்ற உரிமைச் சான்றிதழோடுதான் அது பிறக்கிறது. நிலத்தோடு சேர்ந்த சொத்தாக மாற்ற, கென்டக்கியில் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அது செய்யாத வீட்டுக்குக் கிடைப்பது அதிக வட்டி, குறைந்த தவணைக் காலம் கொண்ட வேறு வகைக் கடன்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் தண்ணீரைச் சோதித்த சான்று கேட்பார்கள். எஃப்எச்ஏ கடனில், அதாவது மத்திய வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு தரும் கடனில், கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடியும், கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கு 100 அடியும் இடைவெளி எதிர்பார்ப்பார்கள். 100 அடி என்பதை உள்ளூர் அதிகாரிகள் அனுமதித்தால் 75 வரை குறைக்கலாம். வீட்டுக்குப் போகும் பாதை பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் போனால், அந்த வழியுரிமை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

அப்புறம் வெள்ளம். 2022 ஜூலை கடைசி வாரத்தில் கிழக்குக் கென்டக்கியை மூழ்கடித்த வெள்ளத்தில் லெச்சர் கவுன்ட்டியும் பலமாக அடிவாங்கியது. மலைப்பகுதியில் சமதரை என்பது பெரும்பாலும் ஓடைக்கரைதான், வீடும் அங்கேதான் இருக்கும். மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஏ அல்லது ஏஈ என்று, அதாவது வெள்ள ஆபத்து அதிகமுள்ள பகுதி என்று வந்தால் வெள்ளக் காப்பீடு இல்லாமல் அரசு சார்ந்த கடன் கிடைக்காது. விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக்காரரிடம் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். மாதத் தவணைக் கணக்கையே அது மாற்றிவிடும்.

சரி, வீட்டைப் பார்த்தாயிற்று. இனி கடன்.

(திரையில்: யுஎஸ்டிஏ தகுதி வரைபடம்.)

கிராமப்புறம் என்றாலே முதலில் கேட்க வேண்டியது யுஎஸ்டிஏ, அதாவது மத்திய வேளாண் துறை. விவசாயி இல்லாதவருக்கு வேளாண் துறை எதற்கு வீட்டுக் கடன் தருகிறது என்றால், 1949-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அப்படி. அதன் 502-வது பிரிவில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று உத்தரவாதக் கடன். பணம் தருவது வங்கி, நீங்கள் கட்டாமல் போனால் பெரும்பகுதி நஷ்டத்தை ஏற்பது அரசு. முன்பணம் தேவையில்லை. 30 வருடம், மாறாத வட்டி. குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 115 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: கடனில் பெயர் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் வாழப்போகும் வயதுவந்தவர்கள் எல்லோருடைய வருமானமும் கணக்கில் வரும். கூடவே இருக்கும் மாமனாருக்குப் பென்ஷன் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

செலவைப் பார்ப்போம். ஒன்றரை லட்சம் டாலர் வீடு என்றால் உத்தரவாதக் கட்டணம் 1 சதவீதம், அதாவது 1,500 டாலர். அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு வருடத்துக்கு 0.35 சதவீதம். முதல் வருடம் மாதத்துக்குச் சுமார் 44 டாலர் வரும். இதே வீட்டுக்கு எஃப்எச்ஏ போனால் 5,250 டாலர் முன்பணம், தொடக்கக் காப்பீடாக 1.75 சதவீதம், அதற்குமேல் வருடாந்திரக் காப்பீடு. யுஎஸ்டிஏ கிடைக்குமென்றால் எஃப்எச்ஏவைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்று நேரடிக் கடன். வங்கியே நடுவில் கிடையாது, வேளாண் துறையின் ஊரக வளர்ச்சி அலுவலகமே தருகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும். 33 வருடம், மிகக் குறைந்த வருமானம் என்றால் 38 வருடம் வரை. மானியம் சேர்ந்தால் கையிலிருந்து கட்டும் வட்டி 1 சதவீதம் வரைகூட இறங்கும். ஆனால் வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியை அரசு திரும்பக் கேட்கலாம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

குடியேற்ற நிலை பற்றியும் சொல்லியாக வேண்டும். கிராமத்து மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம் டாக்டர்கள் பலர் ஜே-1 விசா விலக்கு (பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு) வாங்கி, மூன்று வருடம் அங்கே வேலை செய்ய ஒப்புக்கொண்டு போனவர்கள். அந்தக் காலத்தில் இவர்கள் இருப்பது எச்-1பி வேலை விசாவில், அதில் இருப்பவருக்கு யுஎஸ்டிஏ கடன் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எஃப்எச்ஏவும் 2025 மே 25 முதல் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர்களுக்குக் கதவை மூடிவிட்டது. அவர்களுக்கு மிச்சமிருப்பது இரண்டு வழிகள். ஒன்று, அரசு உத்தரவாதம் இல்லாத வழக்கமான கடன். இன்னொன்று, உள்ளூர் வங்கியின் சொந்தக் கடன்.

இந்தச் சொந்தக் கடனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிய நிறுவனங்கள் தரும் கடனில் பெரும்பகுதி சில வாரங்களில் கைமாறிவிடும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை மொத்தமாக வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும். வாங்குகிறவர் போடும் விதிக்கு வீடு பொருந்தவில்லையென்றால் கடனும் கிடையாது. சிறிய உள்ளூர் வங்கியோ கடனைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும். எனவே பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சமீபத்தில் விற்ற வீடு எதுவும் இல்லை, நிலம் 20 ஏக்கர், கொட்டகை ஒன்று இருக்கிறது என்றாலும் அவர்களால் முடிவெடுக்க முடியும். அவர்களுடைய மேனேஜர் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் போயிருப்பார்.

இதற்கு ஒரு விலை உண்டு. கிராமப்புறத்தில் இயங்கும் சிறிய வங்கிகளுக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது: பலூன் கடன். தவணையை 30 வருடத்துக்குக் கணக்கிடுவார்கள், ஆனால் ஐந்தாவது வருடக் கடைசியில் மீதி முழுவதையும் கட்ட வேண்டும். 1,20,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 798 டாலர் வீதம் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் சுமார் 1,13,000 டாலர் பாக்கி நிற்கும். அன்றைய வட்டியில் புதிதாகக் கடன் எடுத்துத்தான் அடைக்க வேண்டியிருக்கும். வங்கி நல்ல வங்கியாக இருந்தால் அதுவே புதுப்பித்துத் தரும். அந்த உறுதி பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, பேச்சோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

(திரையில்: கவுன்ட்டி கிளார்க் அலுவலகக் கவுன்டர். தடிமனான பதிவுப் புத்தகங்கள்.)

இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? இணையத்தில் கவுன்ட்டி பெயரும் வீட்டுக் கடனும் சேர்த்துத் தேடினால் வருவது பெரும்பாலும் உங்கள் போன் நம்பரை வாங்கி விற்கும் தளங்கள். நம்பரைக் கொடுத்தால் அன்று மாலையிலிருந்து போன் ஓயாது. அரசின் பொதுத் தரவில் எந்தக் கவுன்ட்டியில் எந்த நிறுவனம் எத்தனை கடன் கொடுத்தது என்று பார்க்கலாம், அது நல்ல கருவிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பெருநகரப் பகுதியில் ஒரு கிளைகூட இல்லாத வங்கி அந்தத் தரவைக் கொடுக்க வேண்டியதில்லை. அதாவது முழுக்க முழுக்கக் கிராமத்து வங்கி எதுவோ, அதுவே அந்தப் பட்டியலில் இருக்காது.

நான் சொல்லும் வழி பழைய வழி. கென்டக்கியில் ஒவ்வொரு அடமானமும் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடந்த ஆறு மாதப் பதிவைப் புரட்டினால், இந்த மண்ணில் உண்மையில் கடன் கொடுப்பவர் யார் என்று பெயரோடு தெரிந்துவிடும். அங்கே பத்திர வேலை செய்யும் வழக்கறிஞரிடமும் கேளுங்கள். யாருடைய ஃபைல் முடிகிறது, யாருடையது இழுக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி (FDIC) தளத்தில் கவுன்ட்டி வாரியாக வங்கிக் கிளைகள் கிடைக்கும், என்சியூஏ (NCUA) தளத்தில் கிரெடிட் யூனியன்கள், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கங்கள். விவசாயக் கடனுக்காக 1916-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஃபார்ம் கிரெடிட் அமைப்பையும் மறக்க வேண்டாம். 2,500 பேருக்கு மேற்படாத ஊர்களில், விவசாயி அல்லாதவருக்கும் அது வீட்டுக் கடன் தரலாம். வருமானம் குறைவானவர்களுக்கு லாப நோக்கில்லாத அமைப்புகள் இருக்கின்றன. வைட்ஸ்பர்க்கிலேயே ஹோம்ஸ் என்ற அமைப்பு வீடு கட்டியும் பழுதுபார்த்தும் தருகிறது. இந்த மாதிரி அமைப்புகளை இணைக்கும் ஃபாஹே, இதே மாநிலத்தின் பெரீயா ஊரில் இருக்கிறது.

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். லோன் ஆபீசரின் உரிமத்தை என்எம்எல்எஸ் (NMLS) என்ற உரிமப் பதிவேட்டுத் தளத்தில் சரிபாருங்கள். 45 நாளுக்குள் எத்தனை வீட்டுக் கடன் நிறுவனங்கள் உங்கள் கிரெடிட்டைப் பார்த்தாலும் ஸ்கோரில் ஒரே விசாரணையாகத்தான் கணக்கு. அதனால் தயங்க வேண்டாம். விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் வட்டியும் செலவும் எழுதிய மூன்று பக்கக் கடன் மதிப்பீட்டுத் தாள் (Loan Estimate) தர வேண்டும் என்பது சட்டம். வட்டியை ஒப்பிட வேண்டிய இடம் அதுதான். அதற்கு முன்னால் போனிலேயே கேட்க வேண்டியவை வேறு: இந்தக் கவுன்ட்டியில் கடைசியாக எப்போது கடன் முடித்தீர்கள்? யுஎஸ்டிஏ ஃபைல் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கடனை நீங்களே வைத்துக்கொள்வீர்களா, விற்பீர்களா? வீட்டின் விலையை மதிப்பிடுபவர் எந்த ஊரிலிருந்து வருவார்?

கடைசியாக நாள் கணக்கு. யுஎஸ்டிஏ உத்தரவாதக் கடனில் வங்கி ஒப்புதல் கொடுத்த பிறகும் ஃபைல் வேளாண் துறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அக்டோபர் 1-ம் தேதி புதிய நிதியாண்டு பிறக்கும்போதும், வாஷிங்டனில் பட்ஜெட் இழுபறியால் அலுவலகங்கள் மூடும்போதும் அது அங்கேயே காத்துக் கிடக்கும். அதனால் விற்பவரோடு ஒப்பந்தம் போடும்போது 30 நாளில் முடிப்பேன் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். லோன் ஆபீசரிடம் இப்போது எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டு, அதற்குமேல் இரண்டு வாரம் சேர்த்து எழுதுங்கள்.