மிச்சத்திலிருந்து ஒரு முன்னிசை: கன்சாஸ் குழுவின் 'லெஃப்டோவர்ச்சர்'

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தை இப்போதுதான் கேட்டு முடித்தோம். தட்டைத் திருப்பிப் போடுவதற்கு முன் சிறிது நேரம் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கன்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1976 அக்டோபரில் வெளியிட்ட 'லெஃப்டோவர்ச்சர்' என்ற இந்த ஆல்பம் அரை நூற்றாண்டை எட்டும் வேளையிலும் ஏன் பழசாகத் தெரியவில்லை என்ற ஒரே கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இசையை விளக்குகிறேன் என்று சொல்லி அதைக் கேட்கவிடாமல் செய்துவிடும் அபாயம் எனக்கும் தெரியும்.

இவர்களுடைய இசைவகையான ப்ரோக்ரெசிவ் ராக் என்றவுடன் நினைவுக்கு வருவது இங்கிலாந்து. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் நான்கிலிருந்து ஏழுக்கும் ஐந்துக்கும் தாவும். ஐரோப்பியச் செவ்வியல் இசையின் சாயல் எங்கும் படிந்திருக்கும். அந்த இசைக்கு, கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கும் கன்சாஸ் மாநிலத்தின் தலைநகரான டொபீகாவிலிருந்து பதில் வரும் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தங்கள் மாநிலத்தின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்ட அந்த ஆறு பேரும் மதுக்கூடங்களில் வாசித்து வளர்ந்தவர்கள். கூட்டம் எழுந்து ஆடாவிட்டால் அடுத்த வாரம் வாய்ப்புக் கிடைக்காது என்ற பாடத்தை அங்கே கற்றார்கள். எத்தனை சிக்கலான கட்டமைப்பை உருவாக்கினாலும் அதற்குள் ஒரு பாட்டு இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களிடம் கடைசிவரை இருந்தது. இந்த ஆல்பத்தின் நீண்ட ஆயுளுக்கு அந்தப் பிடிவாதமே முதற்காரணம் என்பது என் கருத்து.

ஆல்பம் உருவான சூழலோ நெருக்கடியானது. முதல் மூன்று ஆல்பங்களும் பெரிய வெற்றி எதையும் தரவில்லை. அவர்களின் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய டான் கிர்ஷ்னர் பொறுமையாகக் காத்திருந்தார். ஆனால் வானொலியில் ஓடும் ஒரு பாட்டு தேவை என்ற நெருக்குதல் இருந்தது. அந்த நேரம் பார்த்து, பாடகரும் கீபோர்டு கலைஞருமான ஸ்டீவ் வால்ஷுக்கு எழுத்து ஓடாமல் நின்றுபோனது. அதுவரை அவரும் கிட்டார், கீபோர்டு இரண்டையும் வாசித்த கெர்ரி லிவ்கிரனும் பகிர்ந்து சுமந்த பாரம் இப்போது லிவ்கிரன் ஒருவரின் தலையில் விழுந்தது. எட்டுப் பாடல்களிலும் அவர் கை இருக்கிறது. ஒத்திகைகள் முடிந்து, லூசியானா மாநிலத்தின் போகலூசா ஊருக்கு அருகே இருந்த 'ஸ்டுடியோ இன் தி கன்ட்ரி' என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழுவினர் புறப்படும் தறுவாயில், இன்னும் ஒன்று இருக்கிறது என்று லிவ்கிரன் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். ஒத்திகை பார்க்க நேரமில்லாததால், தயாரிப்பாளர் ஜெஃப் கிளிக்ஸ்மனுடன் சேர்ந்து கூடத்திலேயே அதைக் கற்றுப் பதிவு செய்தார்கள். சற்றுமுன் முதலாவதாக நாம் கேட்ட 'கேரி ஆன் வேவர்ட் சன்' அதுதான். அமெரிக்கத் தரவரிசையில் அந்தப் பாட்டு 11ஆம் இடத்தையும், அதன் தோளில் ஏறி ஆல்பம் 5ஆம் இடத்தையும் எட்டின.

அந்தப் பாட்டின் முதல் நிமிடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எந்தக் கருவியும் இல்லாமல், அடுக்கடுக்கான குரல்கள் மட்டும் பல்லவியைப் பாடிவிட்டு நின்றுவிடுகின்றன. முன்னுரை எதுவும் கிடையாது. வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் கையில் இலையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மொத்தக் குழுவும் இடியாக இறங்கி, கிட்டாரும் ஆர்கனும் மாறி மாறி முறுக்கேற்றி, இனி இப்படித்தான் போகும் என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில், எல்லாம் அடங்கிப் பியானோவும் மென்மையான ஒரு குரலும் மட்டும் மிஞ்சுகின்றன. தோற்ற ஒருவன், உயரப் பறந்து அளவு மீறியதை ஒப்புக்கொள்ளும் தொனி அது. ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பாட்டுக்குள் இத்தனை திருப்பங்கள் இருந்தும், முதலில் கேட்ட பல்லவி திரும்பி வரும்போது ஊர் திரும்பியவனின் நிம்மதி நமக்கு வருகிறது. காட்டுக்குள் அழைத்துப் போகிறவர் திரும்பும் வழியையும் காட்டிவைத்திருக்கிறார்.

இதே வகை இசையில் பல குழுக்கள் தடுக்கி விழுந்த இடம் அதுதான். கேட்பவரை வியக்க வைப்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அதே 1976இல் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு இரண்டு நிமிடப் பாட்டுகளைக் கொண்டு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, நீளமும் நுணுக்கமும் வெறும் படாடோபம் என்று சொல்லாமல் சொன்னது. காற்று திசை மாறிய அந்த ஆண்டிலேயே 'லெஃப்டோவர்ச்சர்' கரை சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

குழுவின் தனி அடையாளம் ராபி ஸ்டைன்ஹார்ட்டின் வயலின். செவ்வியல் பயிற்சி பெற்றவர் அவர். ஆனால் வயலினை அலங்காரப் பொருளாக ஓர் ஓரத்தில் நிறுத்தவில்லை. 'மிரக்கிள்ஸ் அவுட் ஆஃப் நோவேர்' பாட்டின் நடுப்பகுதியில் வயலினும் கிட்டாரும் கீபோர்டும் ஒன்றன் சொல்லை ஒன்று வாங்கித் தன் வழியில் திருப்பிச் சொல்கின்றன. மூன்று இழைகளைப் பின்னும் வேலை அது. கீழே பில் எஹார்ட்டின் டிரம்ஸும் டேவ் ஹோப்பின் பேஸும் அசையாமல் தாங்கிப் பிடித்திருப்பதால்தான் மேலே அந்தப் பின்னல் அவிழாமல் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் உச்சம் இந்தப் பாட்டுதான்; புகழ் முதற்பாட்டுக்குப் போனது வேறு கதை. அதற்கு முன்னால் வரும் 'வாட்ஸ் ஆன் மை மைண்ட்' சாதாரண ராக் பாட்டு. நல்ல விருந்தில் ஒரு கறி சுமாராக இருந்தால் நாம் எழுந்துவிடுவதில்லை.

வரிகளைப் பற்றியும் ஒரு சொல். லிவ்கிரன் அந்த நாட்களில் ஆன்மிகத் தேடலில் இருந்தவர். 1979இல்தான் கிறித்தவ நம்பிக்கையை ஏற்றார். இந்த ஆல்பத்தில் அவரிடம் விடை இல்லை. 'தி வால்' பாட்டில் தனக்கும் தான் நாடும் நிறைவுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்பதைக் காண்கிறார். சில இடங்களில் சொற்கள் கனம் கூடித் தள்ளாடுவது உண்மைதான். இருந்தாலும், கண்டுகொண்டேன் என்று முழங்காமல் தேடுகிறேன் என்று சொல்வதனால், பதினெட்டு வயதில் கேட்பவரும் அறுபதில் கேட்பவரும் அதில் தத்தம் கேள்வியை வைத்துப் பார்க்க முடிகிறது. 2005 முதல் 2020 வரை ஓடிய 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டுப் பருவத்தின் இறுதி அத்தியாயத்தின் தொடக்கத்திலும் முதற்பாட்டை ஒலிக்கவிட்டு வந்ததால், பாட்டு வெளியானபோது பிறந்திராத ஒரு தலைமுறைக்கும் அது சொந்தமாகிவிட்டது.

இனி இரண்டாம் பக்கம். 'செயென் ஆந்தம்' வரும்போது, மண்ணை இழந்த அமெரிக்கப் பூர்வகுடிகளின் துயரத்தைப் பாடும் பாட்டு இடையில் ஏன் கேளிக்கை இசைபோல வேகமெடுக்கிறது என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். அந்தக் குதூகலம்தான் எனக்கு அதிகமாக வலித்தது. முடிவில் வருவது எட்டு நிமிடத்துக்கும் மேலான 'மேக்னம் ஓபஸ்'. மீந்துபோன இசைத் துண்டுகளை ஆறு பேரும் ஒன்றாகத் தைத்த பாட்டு அது. மிச்சம் எனப் பொருள்படும் 'லெஃப்டோவர்' என்ற சொல்லையும் முன்னிசை எனப் பொருள்படும் 'ஓவர்ச்சர்' என்ற சொல்லையும் ஒட்டி முதலில் அதற்குத்தான் 'லெஃப்டோவர்ச்சர்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பிறகு பெயர் ஆல்பத்துக்குப் போனது. தையல் எங்கே தெரிகிறது என்று தேடிப் பாருங்கள். எனக்கு இரண்டு இடங்களில் தெரிகிறது. அவை எவை என்று பாட்டு முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். விளக்கைச் சற்றுக் குறைத்துவிட்டு, தட்டைத் திருப்பிப் போடுங்கள்.