ஒரு வோல்ற்றுக்குள் ஏழு சுரம்

வணக்கம் நேயர்களே.

சிந்தசைசர் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது திருவிழா மேடையில் வைக்கும் கீபோர்ட்தான். அதற்குள் வயலினும் புல்லாங்குழலும் ஏற்கெனவே செய்து அடைத்து வைத்திருக்கும், பொத்தானை அழுத்தினால் வரும். நான் இன்று பேச வந்தது வேறொரு வகை பற்றி. மொடியுலர் சிந்தசைசர். அதில் ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, அதன் கூர்மையைக் குறைக்க ஒரு பெட்டி, சத்தத்தை ஏற்றி இறக்க இன்னொரு பெட்டி என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாமே வயர் கொழுவ வேண்டும். கொழுவாவிட்டால் சத்தமே வராது.

1960களில் அமெரிக்காவில் ரொபர்ட் மூக்கும் டொன் புக்லாவும் இந்தக் கருவியை ஆளுக்கொரு பக்கமாக உருவாக்கினார்கள். 1990களில் ஜெர்மனியின் டோப்பர் நிறுவனம் கொண்டுவந்த யூரோரேக் அளவிலேயே இன்று பெரும்பாலான பெட்டிகள் வருகின்றன. அவற்றை விலைக்கு வாங்கி ஒரு சட்டத்தை நிரப்ப ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். நமக்கு எட்டாத காசு. 2017இல் அன்ட்ரூ பெல்ட் என்பவர் அதே பெட்டிகளைக் கணினித் திரைக்குள் கொண்டுவந்து, வீசிவி ரேக் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். வின்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் ஒன்று உண்டு. தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை.

சரி, இதற்கும் நம்முடைய சங்கீதத்துக்கும் என்ன தொடர்பு?

கீபோர்ட்டில் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ச முதல் அடுத்த ச வரை, பன்னிரண்டு கட்டைகள் மட்டுமே. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பதை விரலால் தொட முடியாது. யாழ்ப்பாணத்து இணுவிலிலோ அளவெட்டியிலோ ஒரு நாதஸ்வரக்காரர் தோடி வாசிக்கும்போது, அந்த நடு இடத்தில்தான் ராகமே இருக்கிறது. மூச்சையும் உதட்டையும் வைத்து, துளையை அரைவாசி மூடி அவர் அதை எடுக்கிறார். நிலையான கட்டைகள் நம்முடைய சுரங்களுக்குப் பொருந்தாது என்ற வாதத்தால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே தடை செய்தது. அந்தத் தடை தளர 1971 ஆனது.

மொடியுலரில் கட்டை என்று ஒன்றுமில்லை. சுரம் என்பது அங்கே வெறும் மின்னழுத்தம். ஒரு வோல்ற்று கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். பன்னிரண்டில் ஒரு பங்கு கூட்டினால் அரைச்சுரம். அதற்கும் குறைவாக எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். தடுக்க யாருமில்லை. நம்முடைய பிள்ளைகள் கீபோர்ட்டைவிட இதில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் ஒரு தம்புரா செய்வோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேக்கைத் திறந்ததும் ஏற்கெனவே சில பெட்டிகள் வயரோடு நிற்கும். கண்ட்ரோலும் ஏயும் அழுத்தி எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழித்துவிடுங்கள். வெற்றிடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் பெட்டிகளின் பட்டியல் வரும். அதிலிருந்து ஒலியை உண்டாக்கும் வீசிஓ மூன்று, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸ் ஒன்று, கூர்மையைக் குறைக்கும் வீசிஎஃப் ஒன்று, ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஓடியோ ஒன்று எடுங்கள். எல்லாமே ரேக்கோடு சேர்ந்து வருபவை. வீசிஓ ஒவ்வொன்றிலும் எஸ், ஏ, டபிள்யூ என்று எழுதிய துளையிலிருந்து மிக்ஸுக்கு வயர். மிக்ஸிலிருந்து வீசிஎஃப், அதன் எல்பிஎஃப் துளையிலிருந்து ஓடியோவின் 1, 2 ஆகிய துளைகளுக்கு. ஓடியோவில் உங்கள் ஸ்பீக்கரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஹெட்போன் போடுவதென்றால் முதலில் சத்தத்தை நன்றாகக் குறையுங்கள், காதுக்குப் பாதுகாப்பு.

இனி சுருதி. வீசிஓவின் பெரிய குமிழில் வலப் பொத்தானை அழுத்தினால் இலக்கம் எழுத இடம் வரும். கீபோர்ட்டில் சி என்னும் ஒரு கட்டைச் சுருதிக்கு, மந்தர ஷட்ஜம் (கீழ் ச) 130.81 ஹேர்ட்ஸ், மந்தர பஞ்சமம் (கீழ் ப) 196.22, மத்திய ஷட்ஜம் (நடு ச) 261.63. வீசிஎஃப் குமிழை மெல்ல இடப்பக்கம் திருப்பினால் கரகரப்பு அடங்கி, தம்புராவுக்குக் கிட்டவான ஒரு நாதம் நிற்கும்.

இப்போது பஞ்சமத்தை 196.22இலிருந்து 196.00க்கு மாற்றுங்கள். கீபோர்ட்டில் இருக்கும் பஞ்சமம் அதுதான். இரண்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்புகிறோம், கேளுங்கள்.

(ஒலி: முதலில் 196.22, அடுத்து 196.00)

முதலாவது அசையாமல் நின்றது. இரண்டாவது மெல்ல மெல்ல ஊதி அடங்கியது, இரண்டு செக்கனுக்குச் சற்று மேலாக ஒரு தடவை. ஷட்ஜத்துக்குள் மறைந்திருக்கும் மூன்றாவது மேற்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாவது மேற்சுரமும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாததால் வரும் அசைவு அது. பஞ்சமத்தில் இது சின்ன விஷயம்தான். அந்தர காந்தாரத்தில், அதாவது பெரிய க சுரத்தில், பாருங்கள். நான்காவதாக ஒரு வீசிஓ எடுத்து, கீபோர்ட்டின் காந்தாரமான 164.81ஐ வையுங்கள். செக்கனுக்கு ஐந்து தடவை துடிக்கும். 163.52க்குக் கொண்டுவாருங்கள், துடிப்பு நின்று போகும். சுருதி சேர்ப்பது என்று குருமார் சொல்லித்தரும் விஷயத்தைப் பிள்ளை தன் கையால் திருப்பித் திருப்பிப் பிடிக்கலாம். மருதனார்மடத்தில் சங்கீதம் படிக்கும் மாணவர்கள் இதை ஒருதரமாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சுருதியை மாற்ற மூன்று குமிழையும் தனித்தனியே திருப்பத் தேவையில்லை. மூன்று வீசிஓவின் வீ ஒக்ட் துளைக்கும் ஒரே இடத்திலிருந்து மின்னழுத்தம் அனுப்பினால் மூன்றும் ஒன்றாக ஏறும். ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு 0.167 வோல்ற்று.

அப்புறம், கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது. மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் தரும் எல்எஃப்ஓ என்ற பெட்டியை வீசிஓவின் எஃப்எம் துளையில் கொழுவி, எஃப்எம் குமிழையும் சற்றுத் திருப்பினால் சுரம் ஆடும். ஆனால் அது ஒரே அளவாக, ஒரே வேகத்தில் ஆடும் ஆட்டம். அதைக் கமகம் என்று நம்பிவிடாதீர்கள். கம்பிதம் என்னும் அசைவுக் கமகம் ராகத்துக்கு ராகம், இடத்துக்கு இடம் வேறுபடும். யூஎஸ்பியில் கொழுவும் சிறிய கீபோர்ட் இருந்தால், அதன் பக்கத்திலுள்ள பிட்ச் வீல் என்ற சில்லை மிடி-சீவி பெட்டி வழியாக எஃப்எம் துளைக்குக் கொண்டுவந்து, கையால் சுரத்தை இழுத்துப் பழகுங்கள். கை பழக நாள் எடுக்கும். வீணையிலும் அப்படித்தானே.

பழைய லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பெட்டிகள் கூடக்கூடக் கணினி திணறும், சத்தம் வெடித்து வெடித்து வரும். எஃப்3 அழுத்தினால் எந்தப் பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். வியூ மெனுவில் பிரேம் ரேட்டைக் குறைத்தாலும் பாரம் குறையும். ரேக்கின் இணைய நூலகத்தில் ஆயிரக்கணக்கில் பெட்டிகள் உண்டு, பெரும்பங்கு இலவசம். கண்டதெல்லாம் இறக்கி வைக்காதீர்கள். சொன்ன நாலைந்து பெட்டிகளை முழுதாகப் பழகிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அந்த நூலகத்துக்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும், இணையமும் வேண்டும். டேட்டா கட்டுப்படியாகாதவர்கள் கார்டினல் என்ற மென்பொருளைப் பாருங்கள். ரேக்கை அடிப்படையாக வைத்துச் செய்த இன்னொரு இலவச மென்பொருள் அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ளேயே இருக்கும். நண்பர் ஒருவர் ஒரு தடவை இறக்கினால் பென்டிரைவில் நாலு வீட்டுக்குப் போகலாம், சட்டப்படி அதற்கு அனுமதியும் உண்டு. பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் வைத்தும் அதை இயக்கலாம்.

செய்த தம்புராவைச் சேமித்து வையுங்கள். ரெக்கோர்டர் பெட்டியைச் சேர்த்து அரை மணித்தியாலம் பதிந்து போனுக்கு மாற்றினால், மின்சாரம் போன நேரத்திலும் சரளி வரிசை பாடலாம்.

நன்றி. வணக்கம்.