84 வேளைச் சாப்பாடு: ஊரடங்கில் மளிகைச் செலவு ஏன் அப்படி ஏறியது?

(திரையில்: கோடு போட்ட பழைய நோட்டு. ஓரம் எண்ணெய் பட்டு மஞ்சளாகியிருக்கிறது.)

இது எங்கள் வீட்டு மளிகை நோட்டு. 2020-ஆம் வருடத்து நோட்டு, அம்மாவின் கையெழுத்து. பிப்ரவரி மாதச் சிட்டையைப் பாருங்கள். ரீஃபைண்டு ஆயில் 2 லிட்டர், துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரைக் கிலோ. இப்போது மே மாதப் பக்கம். ஆயில் 3 லிட்டர். துவரம் பருப்பு 3 கிலோ. உளுந்தும் 3 கிலோ. ரவை, சேமியா என்று புதிதாக இரண்டு வரி முளைத்திருக்கிறது. பக்கத்தின் அடியில் மொத்தத் தொகையை எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே அதே தொகையை மறுபடி எழுதியிருக்கிறார். தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார். தப்பு இல்லை.

"எங்கேயும் போகலை, துணிமணி எடுக்கலை, பஸ்ஸுக்குக்கூட காசு கொடுக்கலை. அப்புறம் எப்படிடா பணம் கரையுது?" என்று அவர் அன்றைக்குக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விலைவாசி ஏறிவிட்டது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

சரி, எங்கள் வீட்டை விட்டுவிடுவோம். சென்னையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு பிள்ளைகள், இருவரும் அரசுப் பள்ளி. நான்கு பேர், நாளுக்கு மூன்று வேளை, வாரத்துக்கு ஏழு நாள். மொத்தம் 84 வேளைச் சாப்பாடு.

(திரையில்: 84 தட்டுகள், வரிசை வரிசையாக.)

இந்த 84-ம் ஊரடங்குக்கு முன்னால் வீட்டு அடுப்பில் வெந்ததா? இல்லை. பிள்ளைகள் இருவருக்கும் வாரத்தில் ஐந்து நாள் மதியம் பள்ளியில் சத்துணவு. அது 10 வேளை. அப்பா வாரத்தில் ஆறு நாள் மதியம் வேலை இடத்துக்குப் பக்கத்தில் அம்மா உணவகத்தில் சாப்பிட்டுவிடுவார். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அது 6 வேளை. ஆக 16 தட்டுகள் வெளியே. வீட்டில் சமைத்தது 68 தட்டுகளுக்குத்தான்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. பள்ளி மூடியாகிவிட்டது. அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா உணவகங்கள் திறந்துதான் இருந்தன, சில வாரங்கள் இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள். அந்த உதவியை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் இந்த அப்பா சாப்பிட்ட உணவகம் வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை. அந்த 16 தட்டும் சில நாளிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

68 தட்டு 84 ஆனால், ஏறக்குறைய கால் பங்கு அதிகம். கடையில் ஒரு பொருளின் விலைகூட ஒரு பைசா ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 5,000 ரூபாய் மளிகைச் செலவு 6,170 ரூபாய்க்கு மேல் போய்விடும். இத்தனைக்கும் நான் டீயைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு மணிக்குப் பிள்ளைகள் சமையலறை வாசலில் வந்து நிற்பதையும் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்தான் பசிக்கும், வீட்டில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே பசிக்கும். பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

இன்னொன்று. அப்பா வெளியே 5 ரூபாய்க்குச் சாப்பிட்ட சாம்பார் சாதத்தை வீட்டில் 5 ரூபாய்க்குச் செய்ய முடியாது. பள்ளியில் பிள்ளை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் முட்டையோடு சாப்பிட்ட சாப்பாட்டுக்கு, வீட்டில் முட்டைக்கே தனியாகக் காசு வேண்டும். அரசு மறைமுகமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பணம் அது. நம் சிட்டையில் அது என்றைக்குமே ஒரு வரியாக இருந்ததில்லை. நின்றபோதுதான் அதன் எடை தெரிந்தது. பின்னர் சத்துணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அரிசியும் பருப்பும் சாப்பாடாக மாற எண்ணெய், புளி, கேஸ் எல்லாம் வேண்டும்.

(திரையில்: ரேஷன் கடை. ஒருவர் இரண்டு பைகளோடு வெளியே வருகிறார்.)

"தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம்தானே, பிறகு என்ன?" என்று கேட்பார்கள். உண்மை. 2011 ஜூனிலிருந்து இங்கே ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. ஊரடங்கில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ஏப்ரலில் தொடங்கிச் சில மாதங்கள் அரிசியோடு பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசம். இந்த ஏற்பாடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பே எரிந்திருக்காது.

ஆனால் இந்த ஊரில் வெறும் சோற்றை யாரும் சாப்பிடுவதில்லை. சோற்றுக்குக் குழம்பு வேண்டும். ரேஷனில் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். நாலு பேர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டால் அது எத்தனை நாளைக்கு வரும்? மீதிக்கு அண்ணாச்சி கடைதான். வெங்காயம், தக்காளி, புளி, மிளகாய், கடுகு, சீரகம் எல்லாம் வெளியேதான். இலவசமாக வந்த அரிசி அதிகமாக அதிகமாக, காசு கொடுத்து வாங்க வேண்டிய குழம்பும் அதிகமானது. 2021-ல் இரண்டாம் அலை வந்தபோது அரசு 14 மளிகைப் பொருட்கள் கொண்ட பை கொடுத்தது நினைவிருக்கிறதா? அதில் புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் இருந்தன. குழம்பு தெரிந்த யாரோ உட்கார்ந்து போட்ட பட்டியல் அது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

இதுவரை சொன்னது அளவு. இனி விலை.

(திரையில்: கோயம்பேடு காய்கறிச் சந்தை, மேலிருந்து.)

சென்னைக்குக் காய்கறி வரும் வாசல் கோயம்பேடு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் கடைத்தெருவில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாலு நாளைக்கு வேண்டியதை ஊரே ஒரே காலையில் வாங்கியது. அப்படி வாங்கும்போது யாரும் விலை பேசுவதில்லை. கிடைத்தால் போதும்.

அப்புறம் கோயம்பேட்டில் நோய் பரவியது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். சில நாளில் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசையில் தற்காலிகச் சந்தை. கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மறுபடி திறக்க செப்டம்பர் 28 ஆனது.

உங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய் விற்கும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு அதிகாலை பஸ் ஏறிக் கோயம்பேடு போய், இரண்டு மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவார். இப்போது பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை, சந்தையும் தூரம். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டி பிடித்தால்தான் உண்டு. இவர் பங்குக்கு 600 ரூபாய் வாடகை, கொண்டுவருவது 100 கிலோ என்று வையுங்கள். வண்டி வாடகை மட்டுமே கிலோவுக்கு 6 ரூபாய் ஏறிவிட்டது. வழியில் நசுங்கிய தக்காளி தனிக் கணக்கு. நாம் அவரிடம் "என்னக்கா, கொள்ளை விலையா இருக்கே" என்று கேட்டோம். அவர் கொள்ளை எதுவும் அடிக்கவில்லை.

அதே நாட்களில் விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கம் தர்பூசணி வயலிலேயே கிடந்தது. சீசன் நேரத்தில் வாங்க ஆள் வரவில்லை. இங்கே விலை ஏறியது, அங்கே பறிக்கும் கூலிகூடக் கட்டவில்லை. நடுவில் இருந்த பாதை அறுந்துபோனால் இரண்டு முனையிலும் இப்படித்தான் வலிக்கும். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம் இது.

டீசல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வாட் வரியை உயர்த்தியது, அடுத்து மத்திய அரசு டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கலால் வரியை ஏற்றியது. ஜூன் 7 முதல் ஏறக்குறைய மூன்று வாரம் தினமும் காசு காசாக விலை ஏறியது. லாரியில் வரும் எல்லாப் பொருளிலும் அது ஒட்டிக்கொண்டு வந்தது.

வெங்காயம் வேறு மாதிரி. செப்டம்பர், அக்டோபரில் கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் பெய்த மழையில் பயிர் அழுகியது. செப்டம்பர் 14-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். அப்படியும் ஏறியது. அக்டோபரில் தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் கிலோ 45 ரூபாய்க்கு வெங்காயம் விற்றது. 45 ரூபாய் வெங்காயத்துக்கு வரிசையில் நின்றோம் என்றால் வெளியே என்ன விலை இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் கையில் ஒன்றுமே இல்லை. இந்தியாவுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் அப்போது பெரும்பாலும் உக்ரைனிலிருந்து வந்தது. அந்த வருடம் மலேசியத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை, உக்ரைனில் வறட்சி. அங்கே நடந்தது இங்கே வடைச் சட்டியில் தெரிந்தது.

(திரையில்: இரண்டு எண்கள் பக்கம் பக்கமாக. 11%, 37%.)

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 11 சதவீதம் என்று அரசு சொன்னது. "வெறும் 11 சதவீதமா? என் செலவு அதைவிட எவ்வளவோ ஏறியிருக்கே, பொய் சொல்றாங்க" என்று நிறையப் பேர் நினைத்தார்கள். அது பொய் இல்லை. பணவீக்கக் கணக்கில் ஒரு கூடை இருக்கிறது. அப்போதைய கூடையில் எந்தப் பொருள் எவ்வளவு என்பது 2011-12-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து முடிவானது. புதிய கணக்கெடுப்பை வைத்து மாற்றும்வரை அந்தக் கூடை மாறாது. அதே கூடை போன வருடம் என்ன விலை, இந்த வருடம் என்ன விலை என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உங்கள் கூடையே பெரிதாகிவிட்டது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

நம் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாய் செலவு, 16 தட்டு கூடியதால் 6,176 ஆனது. அதன் மேல் 11 சதவீத விலையேற்றம். 6,850-ஐத் தாண்டுகிறது. மொத்தத்தில் 37 சதவீதம் ஏற்றம். அளவும் விலையும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. செய்தியில் வந்த 11-க்கும் அம்மா நோட்டில் இருந்த தொகைக்கும் நடுவில் இருந்த பள்ளம் இதுதான்.

இன்னொரு தகவல். அந்த வருடம் மார்ச் 19-ஆம் தேதியோடு கடை கடையாகப் போய் விலை கேட்டு எழுதும் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏப்ரல் மாதத்துக்கு மொத்தப் பணவீக்க எண்ணை அப்போது வெளியிடவில்லை. ஊரே விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாதத்தில், அதை முழுசாக எழுதிவைத்தது வீட்டு நோட்டுகள்தான்.

அப்படி எழுதிய பெண்கள் அந்த 37 சதவீதத்தை எப்படிச் சமாளித்தார்கள்? எங்கள் வீட்டு நோட்டில் ஜூன் மாதம் துவரம் பருப்பு மறுபடி 2 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. சாம்பார் வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது, மற்ற நாள் ரசம், புளிக்குழம்பு. எங்கள் தட்டில் எதுவும் குறைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் உட்காருவார். அவர் தட்டில் என்ன இருந்தது என்று நான் அந்த வருடம் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இதன் சின்ன வடிவம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வருகிறது. இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு மட்டுமில்லை, காலை உணவும் இருக்கிறது. 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு வாரம் 10 வேளை. தொடக்கப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் 20 வேளை. பள்ளி மூடும் நாளில் அந்த 20 தட்டும் உங்கள் அடுப்புக்கு வந்துவிடும். மே மாதச் சிட்டை எழுதும்போது ஏப்ரல் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். வாரத்துக்கு 20 என்று அதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதுவது வீட்டில் வேறு யாராவது என்றால், இந்த மாதம் நோட்டை வாங்கி ஒரு தடவை நீங்கள் கூட்டிப் பாருங்கள்.