முன்னால் நீட்டிக்கொண்டு நிற்காத வாஷ்பேசின்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு வரைபடம் போடும்போது மற்ற அறைகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் கிடக்கிற மூலையைத்தான் பெரும்பாலும் குளியலறைக்குக் கொடுக்கிறோம். அந்த மூலைக்குள் ஒரு வாஷ்பேசின் வர வேண்டும், அதன் அடியில் சோப்பும் துண்டும் வைக்க ஓர் அலமாரியும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்ததைக் கடையில் வேனிட்டி என்கிறார்கள். வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் தொழில் அனுபவத்தைவிட இடுப்பு அனுபவம் அதிகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் சொந்தக் குளியலறையில் 55 சென்டிமீட்டர் முன்னால் வருகிற மாதிரி ஒரு கிரானைட் பலகை போட்டேன். கடையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மூலையைக் கூராகவே விட்டுவிட்டேன். ராத்திரியில் விளக்குப் போடாமல் உள்ளே போகிற பழக்கம் எனக்கு. இடுப்பின் வலது பக்கம், ஒரே இடத்தில், மாதக்கணக்கில் கன்றிப்போய்க் கிடந்தது. ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவன் தன் வீட்டில் கோட்டைவிட்டான் என்று வீட்டிலும் சொல்லிக் காட்டினார்கள். கடைசியில் கல் அறுப்பவரைத் திரும்ப வரவழைத்து அந்த மூலையை வளைத்து எடுத்தோம்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் அகலத்தைத்தான் கேட்கிறோம். இரண்டடியா, இரண்டரை அடியா என்று. அகலம் சுவரோடு சுவராகப் போய்விடும், அதனால் பெரிய தொந்தரவு வராது. சுவரிலிருந்து முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் நாம் நடக்கிற இடத்தைத் தின்கிறது. சிறிய குளியலறையில் அகலத்துக்கு ஆசைப்படுங்கள், பரவாயில்லை. நீட்டத்தில் மட்டும் கஞ்சனாக இருங்கள்.

வழக்கமான அலமாரி 50 முதல் 55 சென்டிமீட்டர் வரை முன்னால் வரும். 40, 45 சென்டிமீட்டரிலும் கிடைக்கிறது. கை கழுவ மட்டும் என்றால் 30 சென்டிமீட்டருக்குள் அடங்குகிற குட்டி பேசின்களும் உண்டு. பேசினுக்கு முன்னால், நாம் நிற்கிற பக்கம், 60 சென்டிமீட்டராவது வெறும் தரை வேண்டும். 75 இருந்தால் நிம்மதி. ஏனென்றால் முகம் கழுவக் குனியும்போது தலை முன்னால் போகிற அளவுக்கு இடுப்பு பின்னால் போகும். பின்னால் கதவின் கைப்பிடி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில், பேசினின் நடுவிலிருந்து பக்கத்துச் சுவர் 38 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் பல் தேய்க்கும்போது முழங்கை சுவரில் இடிக்கும்.

எண்களைக் காதால் கேட்டால் மனதில் நிற்காது. ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுங்கள். வாங்க நினைக்கிற அலமாரியின் அளவுக்கு வெட்டி, சுவரில் அதே உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் அதோடு வாழ்ந்து பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள், குனியுங்கள், துண்டோடு திரும்புங்கள். அட்டை எங்கே கசங்குகிறதோ அங்கேதான் நாளை உங்கள் உடம்பு இடிக்கப்போகிறது.

சரி, எந்த வகை பேசின்? அடியில் தூண் வைத்த பேசின் பார்க்கக் கச்சிதமாக இருக்கும், குழாய்களையும் மறைக்கும். ஆனால் சாமான் வைக்க இடமே கிடையாது. சுவரில் தொங்குகிற பேசின் தரையைக் காலியாக விடும். தரை முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தாலே அறை கொஞ்சம் பெரிதாகத் தோன்றும், பெருக்கித் துடைப்பதும் சுலபம். சுவர் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால், பலகையை மூடுவதற்கு முன்பே உள்ளே மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ வைத்துவிட வேண்டும்.

பலகைமேல் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிற டேபிள் டாப் பேசின் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு சந்து இருக்கும், அழுக்கு முழுக்க அங்கே போய்ச் சேரும். உயரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 சென்டிமீட்டரில் இருந்தால் பெரும்பாலோருக்கு வசதி. உயரமானவர்களுக்கு 90 வரை போகலாம். கிண்ணமே 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் அடியில் வருகிற பலகை 70 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். ஆனால் பலகையை முதலில் 85-இல் போட்டுவிட்டு அதன்மேல் கிண்ணத்தை வைக்கிறார்கள். கை கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது.

சிறிய அறைக்கு நான் அதிகம் சொல்வது, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற பேசின். அலமாரி 35 சென்டிமீட்டர்தான் வரும், பேசின் மட்டும் நடுவில் வளைந்து முன்னால் எட்டிப் பார்க்கும். நடக்கிற வழியில் மூலைகள் குறுக்கே வராது. குழாயைச் சுவரிலிருந்தே கொடுத்துவிட்டால், பேசினுக்குப் பின்னால் குழாய்க்கென்று விடுகிற இடமும் மிச்சம். ஆனால் சுவருக்குள் போகிற குழாயை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். குழாயின் மூக்கு எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் பாருங்கள். தண்ணீர் பேசினின் பின்சரிவில் விழுந்தால் கையை உள்ளே நுழைக்க முடியாது, முன்விளிம்புப் பக்கம் விழுந்தால் சட்டையெல்லாம் தெறிக்கும். வடிகால் துளையை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் விழுந்தால் சரி.

எந்த வகையானாலும், பேசின் கைக்கு வந்த பிறகே கல்லில் துளை போடச் சொல்லுங்கள். பீங்கான் பேசினை அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். அதற்குள் களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். எல்லாப் பேசினும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. அதனால் விவரத் தாளில் போட்டிருக்கிற அளவுக்கும் கையில் இருக்கிற பேசினுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கல்லை அறுத்த பிறகு அந்தச் சில மில்லிமீட்டருக்காகச் சண்டை போட்டுப் பயனில்லை.

மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை அலமாரிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. வெளிப்பூச்சு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழாய்க்காகத் துளை போட்ட ஓரத்தில் ஈரம் ஏறினால் பொரி மாதிரி உப்பும், உப்பியது திரும்பிச் சுருங்காது. ஈரம் தாங்கும் பிளைவுட்டோ பிவிசி பலகையோ போடுங்கள். எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரங்களை அடைத்துவிட வேண்டும். தச்சரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். வெளியே தெரியாத இடம் என்பதால் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

அடியில் இழுப்பறை வைப்பதாக இருந்தால் பாட்டில் ட்ராப்பை மறக்காதீர்கள். பேசினுக்கு அடியில் புட்டி மாதிரித் தொங்குமே, அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதற்கு இடம் விட்டு மேல் இழுப்பறையை நடுவில் வெட்டிச் செய்வார்கள். கழிவுக் குழாய் தரைக்குப் போகாமல் சுவருக்குள் போனால் கீழ் இழுப்பறை முழுசாகக் கிடைக்கும். அப்புறம், கண்ணாடிக்குப் பின்னால் ஆழம் குறைந்த ஓர் அலமாரி வைத்தால் சின்னச் சின்ன சாமான் எல்லாம் அங்கே போய்விடும். கீழே இவ்வளவு பெரிதாக வேண்டுமா என்ற கேள்வியே அப்போதுதான் வரும்.

இன்னொரு சின்ன விஷயம். பேசினின் உள்சுவரில் மேலே ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க வைத்தது அது. அந்தத் துளை இருந்தால், வடிகால் துளையில் மாட்டுகிற வேஸ்ட் கப்ளிங்கைப் பக்கவாட்டில் கண் திறந்ததாக வாங்க வேண்டும், கடையில் ஹாஃப் த்ரெட் என்பார்கள். துளை இல்லாத பேசினுக்கு ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால், அந்தத் துளைக்குள் போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பீங்கானுக்குள்ளேயே தேங்கி நாறும்.

வேலை முடிந்த அன்று ராத்திரி, பேசினை நிரப்பி ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். பிறகு பாட்டில் ட்ராப்புக்கு அடியிலும் குழாய்க்குத் தண்ணீர் விடுகிற சுவர் வால்வான ஆங்கிள் காக்குக்கு அடியிலும் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் ஈரவட்டம் தெரிந்தால் உடனே பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதுவரை மிச்சப் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அன்றைக்கே வந்துவிடுவார்.

வணக்கம்.