வயிற்று வலி என்று வந்த பையன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்; ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பத்தாம் வகுப்பு படிக்கிற மகனை ஓர் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். இரண்டு மாதமாக வயிற்று வலி. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான் சார். எதக் கேட்டாலும் எரிஞ்சு விழறான். நேத்து சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சுட்டான்" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை.

இவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "புறா வளத்தான் சார். மாடியில கூண்டு கட்டி பதினோரு புறா. பொங்கலுக்கு அப்புறம் எல்லாத்தையும் பக்கத்துத் தெருப் பையனுக்குச் சும்மா குடுத்துட்டான். சரி, இனிமேலாவது படிப்பான்னு நானும் விட்டுட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் பயம் வந்தது.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளரும் பிள்ளைகளிடம் அது பல சமயம் கோபமாகவும் வெளியே வரும். நாம் அதைக் கொழுப்பு என்கிறோம், திமிர் என்கிறோம். தலைவலி, வயிற்றுவலி என்று உடம்பிலும் காட்டும். அந்த வலி நடிப்பு கிடையாது, அவர்களுக்கு உண்மையாகவே வலிக்கும்.

இந்த வயதில் எல்லாப் பிள்ளையும்தானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நம்மிடம் முறைத்துவிட்டு, கூட்டாளி போன் செய்ததும் சிரித்துப் பேசினால் பெரும்பாலும் அது வயதுக் கோளாறு. கூட்டாளியையும் வேண்டாம் என்கிறான், கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போச்சு, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்கிறான், இதெல்லாம் கிட்டத்தட்ட தினமும் இரண்டு வாரமாக நடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆசையாக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தால், சாக நினைப்பதன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் உண்டு. சத்தம் போட மாட்டார்கள், மார்க்கும் பெரிதாகக் குறையாது. பெண் பிள்ளைகளாக இருந்தால் "ரொம்ப அடக்கமாயிட்டா" என்று பாராட்டுகூடக் கிடைக்கும். என் கவலையெல்லாம் இவர்கள்மேல்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நாற்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். "யாருமே கேக்கல சார்" என்றான். நாமே கேட்டு நினைப்பூட்டின மாதிரி ஆகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. மனதில் அடைத்து வைத்திருப்பதைச் சொல்ல ஒரு வழிதான் கிடைக்கும். அப்படிச் சொல்லிவிட்டால் திட்டாதீர்கள், சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். விவசாய வீடுகளில் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

கோயிலுக்குப் போங்கள், மந்திரிக்கவும் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே டாக்டரிடமும் வாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. பல பிள்ளைகளுக்குப் பேச்சு வழி சிகிச்சையே போதும், சிலருக்கு மாத்திரை தேவைப்படும்.

நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பேர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்ல வேண்டாம். "என் பிள்ளை முன்ன மாதிரி இல்லைங்க" என்று மட்டும் ஆரம்பியுங்கள், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒன்று நான்கு நான்கு ஒன்று ஆறு.

வணக்கம்.